நிலாவெளியில் நாலு அறை, ஒரு போட்: ஒன்லைனில் கார்ட் பணம் எடுப்பது எப்படி?

நிலாவெளியில் நாலு அறையுள்ள கெஸ்ட் ஹவுஸ், கூடவே புறாமலைக்குப் போட் சவாரி. வெளிநாட்டிலிருந்து அறை கேட்பவர்கள் முன்பணத்தைக் கார்டில் கட்டக் கேட்கிறார்கள். வெப்சைட்டில் பேபால் பட்டனைப் போட்டால் போதுமா, எவ்வளவு வெட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விஷயம் உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் இருக்கிறது: போன சீசனில் இரண்டு குடும்பம் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை, அறை சும்மா கிடந்தது. அப்படியென்றால் கார்டில் பணம் எடுப்பதோடு உங்கள் தேவை முடியவில்லை. எடுத்த முன்பணம் கையில் நிற்கவும் வேண்டும். எடுப்பதற்கான ஏற்பாடு சில கிழமை வேலை. நிற்க வைப்பதற்குத்தான் யோசனை கூடத் தேவை; அதனால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பேபாலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இலங்கை முகவரியில் திறக்கும் பேபால் கணக்கால் வெளியே பணம் கட்டலாம், உள்ளே வாங்க முடியாது. ஒன்லைனில் கார்ட் பணம் எடுத்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் இலங்கையில் பதிந்த வியாபாரத்துக்குக் கணக்கே தருவதில்லை. லண்டனில் இருக்கும் சொந்தக்காரரின் கணக்கில் வாங்கி அனுப்பச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டுதான். ஆனால் பணம் வாங்குபவர் ஒருவர், அறை கொடுப்பவர் இன்னொருவர் என்றிருந்தால், ஒரு விருந்தினர் முறைப்பாடு போட்ட நாளில் முடக்கப்படுவது அந்தச் சொந்தக்காரரின் கணக்கு, வரி அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியதும் அவர். அமெரிக்காவில் ஒன்லைனிலேயே ஒரு கம்பனி பதிந்து ஸ்ட்ரைப் எடுக்கச் சொல்லும் யூடியூப் ஆலோசனைகளையும் பார்த்திருப்பீர்கள். அப்படி வெளிநாட்டவர் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் கம்பனி அங்குள்ள வரித் திணைக்களத்துக்கு ஆண்டுதோறும் 5472 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் தண்டம் 25,000 டொலரிலிருந்து தொடங்கும். நாலு அறைக்கு அது தேவையில்லாத தலையிடி.

உள்ளூரில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வணிக வங்கியிடம் நேரே ஒன்லைன் கேட்வே, அதாவது கார்ட் பணத்தை இணையத்தில் வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் வசதி, கேட்பது. பெரிய வங்கிகள் பலவும் தருகின்றன. ஆனால் தொடக்கக் கட்டணம், வருடக் கட்டணம் என்று கேட்பார்கள். சில வங்கிகள் புதிய வியாபாரத்திடம் ஒரு தொகையைப் பிணையாக நிலையான வைப்பில் போடவும் சொல்லும். மற்றது, பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற இடைநிலைக் கம்பனிகள். இவை வங்கிகளோடு ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. நீங்கள் அவர்களின் குடைக்குள் போகிறீர்கள். கேட்கும் பத்திரங்கள் குறைவு, பிணை பெரும்பாலும் இல்லை, வேர்ட்பிரஸ் வெப்சைட்டுக்குப் பிளகின் (இணைப்பு மென்பொருள்) ஆயத்தமாக இருக்கும். அதற்கு விலையாக ஒவ்வொரு கொடுப்பனவிலும் வெட்டும் வீதம் வங்கியைவிடச் சற்றுக் கூடலாம். மாதம் சில இலட்சம் மட்டுமே கார்டில் வரும் இடத்துக்கு இரண்டாவது வழியே சரி என்பது என் கருத்து. தொகை பெருகி, வெட்டுப்படும் வித்தியாசம் வங்கியின் வருடக் கட்டணத்தைத் தாண்டும்போது மாறிக்கொள்ளலாம். எந்தக் கம்பனியானாலும் மத்திய வங்கியின் அனுமதியோடு நடக்கிறதா என்று மத்திய வங்கியின் இணையத்தளத்தில் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.

பத்திரங்களில் அதிகமாக ஆட்கள் மாட்டுவது பெயரில். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில்; நிலாவெளி என்பதால் உங்களுக்குக் குச்சவெளி பிரதேச செயலகம். உப்புவெளியில் இருப்பவர்கள் பட்டினமும் சூழலும் செயலகத்துக்குப் போவார்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டை, காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை முதல் நாளே கையில் கொண்டுபோனால் அலைச்சல் குறையும். அந்தப் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரிலேயே வங்கியில் நடைமுறைக் கணக்குத் திறக்க வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் டின் (வரி செலுத்துநர்) இலக்கத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்திருந்தால் அந்தச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுங்கள். தங்குமிடம் உண்மையில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை.

இப்போது பெயருக்கு வருவோம். சான்றிதழில் அப்பாவின் பெயரோடு 'அன் சன்ஸ்' என்று இருக்கும், கெஸ்ட் ஹவுஸ் பலகையில் கடல், முத்து என்று வேறு ஏதாவது இருக்கும். விருந்தினர் ஊருக்குப் போய்த் தன் கார்ட் அறிக்கையைத் திறக்கும்போது அவர் கண்ணில் படுவது கேட்வேயில் பதிந்த பெயர், இருபது எழுத்துச் சொச்சத்தில். அதைப் பார்த்து அவருக்கு உங்கள் இடம் ஞாபகம் வராவிட்டால் "இது நான் செய்த செலவில்லை" என்று வங்கிக்குப் போன் போடுவார். விண்ணப்பப் படிவத்தில் அறிக்கையில் தெரிய வேண்டிய பெயர் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே பலகைப் பெயரை எழுதுங்கள். இடம் இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். அதேபோல வியாபார வகைக் குறியீடு 7011 என்று பதியப்படுகிறதா என்றும் பாருங்கள்; அது தங்குமிடத்துக்கானது. பயண முகவருக்கான 4722 இல் போட்டுவிட்டால் உங்களை ஆபத்துக் கூடிய வகையில் வைத்து வீதத்தைக் கூட்டவோ பணத்தைப் பிடித்துவைக்கவோ இடமுண்டு. போட் சவாரியும் செய்வதால் இந்தக் குழப்பம் உங்களுக்கு நேரக்கூடியதே.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு அடுத்த காரணம் வெப்சைட். முகவரி, தொலைபேசி இலக்கம், அறை விலை எந்த நாணயத்தில் என்ற தெளிவு, ரத்துச் செய்தால் என்ன திரும்பும் என்ற விதி, தனிப்பட்ட தகவல் கொள்கை ஆகியவை பக்கங்களாக இருக்க வேண்டும். வெப்சைட் முகவரி பிரவுசரில் பூட்டு அடையாளத்தோடு திறக்க வேண்டும். கொள்கைப் பக்கத்தை வேறொரு ஹோட்டலிலிருந்து அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அதில் அவர்கள் பெயர் எங்காவது ஒரு வரியில் மிஞ்சியிருக்கும். சரிபார்ப்பவர் அதைத்தான் முதலில் காண்பார்.

தொழில்நுட்பப் பக்கத்தில் வெப்சைட் செய்து தந்த தம்பிக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். பேஹியரை எடுத்துக்கொண்டால், பணம் கட்டி முடிந்ததும் இரண்டு இடத்துக்குத் தகவல் போகும். ஒன்று ரிட்டர்ன் முகவரி. விருந்தினரின் பிரவுசர் திரும்பி வரும் "நன்றி" பக்கம். மற்றது நோட்டிஃபை முகவரி. கேட்வேயின் சேர்வர் நேரே உங்கள் சேர்வரோடு பேசும் இடம். முன்பதிவைப் 'பணம் வந்தது' என்று மாற்றுவது நோட்டிஃபை தகவலை வைத்துத்தான் நடக்க வேண்டும். ரிட்டர்ன் பக்கத்தை நம்பினால், பணம் கட்டிய கையோடு வைஃபை அறுந்த விருந்தினருக்கு அறை பதியாது. அவர் மறுபடி கட்டுவார், இரட்டைப் பணம். மாறாக, அந்தப் பக்கத்தின் முகவரி தெரிந்த ஒருவன் காசு கட்டாமலே அதைத் திறந்து அறையைப் பதிந்துகொள்ளவும் முடியும். நோட்டிஃபை தகவலில் வரும் எண்களில் 2 என்றால் வெற்றி, 0 என்றால் இன்னும் முடியவில்லை, -1 ரத்து, -2 தோல்வி, -3 என்றால் பணம் திருப்பிக் கோரப்பட்டுவிட்டது. அந்த -3 ஐப் பலரும் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். தகவலோடு வரும் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

இரண்டாவது, பணம் கட்ட அனுப்பும்போது சேர்க்கும் ஹாஷ், அதாவது விவரம் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு. விற்பனையாளர் எண், ஓடர் எண், தொகை, நாணயம், இரகசியச் சாவியின் ஹாஷ் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்வது அது. தொகை 15000.00 என்று இருக்க வேண்டும். 15,000.00 என்று காற்புள்ளி விழுந்தாலும், 15000 என்று தசம் இல்லாமல் போனாலும் ஹாஷ் பொருந்தாது. அனுமதியில்லாத கோரிக்கை என்று சிவப்பில் வந்து நிற்கும். வெப்சைட் முகவரியை மாற்றினாலும் இதே பிழைதான், ஏனென்றால் சாவி ஒவ்வொரு முகவரிக்கும் தனியாக அனுமதிக்கப்படுகிறது. இரகசியச் சாவி சேர்வரில் மட்டும் இருக்க வேண்டும்; பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைத்தால் எவரும் பார்க்கலாம். விருந்தினரே தொகையைத் தட்டச்சுச் செய்யும் திறந்த பெட்டியையும் போடவேண்டாம். திருட்டுக் கார்ட் எண்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று சிறு தொகை அடித்துப் பார்ப்பவர்களுக்கு அதுதான் வசதியான இடம்.

வெப்சைட்டே வேண்டாம், வட்ஸ்அப்பில்தான் எல்லா முன்பதிவும் என்றால் பேமென்ட் லிங்க் போதும். தொகையைப் போட்டு லிங்கை உருவாக்கி அனுப்புங்கள், அவர் தன் போனில் கட்டுவார். ஆனால் ஒன்று மட்டும் கறாராக இருக்க வேண்டும்: சிலர் நல்ல மனதோடு கார்டின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்புவார்கள். வாங்காதீர்கள், வந்துவிட்டால் அழித்துவிட்டு லிங்கை அனுப்புங்கள். பின்பக்கத்து மூன்று இலக்கத்தை, கொடுப்பனவு அனுமதியான பிறகு, எந்த விற்பனையாளரும் எந்த வடிவிலும் வைத்திருக்கக்கூடாது என்பது கார்ட் கம்பனிகளின் பாதுகாப்பு விதி. வரவேற்பு மேசைக் கொப்பியில் எழுதி வைப்பதும் அதில் அடங்கும்.

கட்டணம் எவ்வளவு என்பதற்கு ஒரே எண் சொல்ல முடியாது. கம்பனிக்குக் கம்பனி, திட்டத்துக்குத் திட்டம், வெளிநாட்டுக் கார்டா உள்நாட்டுக் கார்டா என்பதைப் பொறுத்து மாறும். அதனால் வீதத்தை எழுத்தில் வாங்குங்கள், வெளிநாட்டுக் கார்டுக்கும் அமெக்ஸுக்கும் தனித்தனியாக. கணக்குப் பார்க்க 3 வீதம் என்று வைப்போம். இரவுக்கு 15,000 ரூபா, நாலு இரவு, மொத்தம் 60,000. முழுவதையும் முன்பே எடுத்தால் 1,800 வெட்டுப்பட்டு 58,200 வரும். அவர் ரத்துச் செய்து நீங்கள் முழுத்தொகையைத் திருப்பினால் 60,000 போகும். அந்த 1,800 திரும்புமா என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது, பல ஒப்பந்தங்களில் திரும்பாது. ஓர் இரவுப் பணத்தை மட்டும் முன்பணமாக எடுத்தால் நட்டம் 450 ரூபாவோடு நிற்கும். இந்த வெட்டை "கார்ட் என்றால் 3 வீதம் கூட" என்று விருந்தினரின் தலையில் கட்டக்கூடாது. அது விற்பனையாளர் ஒப்பந்தத்துக்கு மாறானது என்று மத்திய வங்கியே பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. அறை விலையைக் குறிக்கும்போதே சேர்த்துக் குறியுங்கள்.

இனி முன்பணம் கையில் நிற்கும் பக்கம். கார்டில் வந்த பணம் உங்கள் கணக்கில் விழுந்த பிறகும், கார்ட் வைத்திருப்பவர் தன் வங்கி வழியாக அதைத் திருப்பிக் கேட்கலாம். இதைச் சார்ஜ்பேக் என்பார்கள். பெரும்பாலானவர்கள் நினைப்பது பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணி ஒரு மாதம், இரண்டு மாதம் என்று. தங்குமிடத்துக்கு அப்படியில்லை. 'சேவை கிடைக்கவில்லை' என்ற முறைப்பாட்டுக்கு விசா விதிப்படி 120 நாள் எண்ணத் தொடங்குவது சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து. பெப்ரவரியில் முன்பணம் கட்டியவர் ஓகஸ்ட் 10 இல் வரவேண்டியவர் என்றால், டிசம்பர் 8 வரைக்கும் அவருக்கு வழி திறந்திருக்கிறது. சீசன் முடிந்து, பணத்தைப் போட் எஞ்சினுக்குச் செலவழித்து, வாடைக் காற்றும் தொடங்கிய பிறகு வந்து சேரும் கடிதம் அது. அதற்காகத்தான் சொல்கிறேன்: சீசன் வரவில் ஒரு பகுதியைத் தைப்பொங்கல் வரை அந்தக் கணக்கிலேயே விட்டுவையுங்கள்.

முறைப்பாடுகளில் இரண்டு இனம் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. "இந்தக் கார்டை நான் பாவிக்கவில்லை" என்பது ஒன்று. இதற்கு 3டி செக்யூர் உதவும். போனுக்கு ஓடிபி வரும் அல்லது வங்கியின் செயலியில் ஒப்புதல் கேட்கும் அந்தப் படிதான். அது முறையாக நடந்த கொடுப்பனவில் மோசடி என்று முறைப்பாடு வந்தால், நட்டம் பொதுவாகக் கார்ட் கொடுத்த வங்கியின் பக்கம் போய்விடும். ஆகவே உங்கள் கணக்கில் அது எல்லாக் கொடுப்பனவுக்கும் கட்டாயமாக இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். "அறை சொன்னபடி இல்லை, ரத்துச் செய்தும் பணம் தரவில்லை" என்பது மற்றது. இதற்கு ஓடிபி ஒன்றும் செய்யாது. இங்கே பேசுவது உங்கள் ரத்து விதியும், அதை அவர் பணம் கட்டுமுன் பார்த்தார் என்பதற்கான சான்றும்தான்.

விதியைச் சுருக்கமாக, பணம் கட்டும் பக்கத்திலேயே, டிக் பெட்டியோடு வையுங்கள். வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கும் நீண்ட விதிமுறையை வங்கி கணக்கில் எடுப்பது அரிது. "வருகைக்கு 14 நாளுக்கு முன் ரத்துச் செய்தால் முன்பணம் முழுவதும் திரும்பும், அதற்குப் பிறகு ரத்துச் செய்தாலோ வராவிட்டாலோ ஓர் இரவுக்கான முன்பணம் திரும்பாது." ஆங்கிலத்தில் இந்த இரண்டு வரி போதும். 14 என்பது என் யோசனை, உங்களுக்கு ஏற்றபடி மாற்றலாம். டிக் போட்ட திகதியும் நேரமும் சேர்வரில் பதிய வேண்டும். லிங்கில் வாங்குகிறவர்கள் இதே இரண்டு வரியை வட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு லிங்கை அனுப்பலாம்; அந்த உரையாடலை அழிக்கவேண்டாம்.

போட் சவாரிக்குத் தனி விதி எழுதுங்கள். கடல் கொந்தளித்தால் போவதில்லை என்று முடிவெடுப்பது நீங்கள், அப்போது அடுத்த நாள் அல்லது முழுப் பணம். விருந்தினர் நேரத்துக்கு எழும்பவில்லை என்றால் பணம் திரும்பாது. புறாமலை தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச் சீட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிற காசு. அதை உங்கள் ஒன்லைன் தொகைக்குள் சேர்த்தால் உங்களுடையது அல்லாத பணத்துக்கும் 3 வீதம் கட்டுகிறீர்கள். சீட்டை விருந்தினரே கரையில் எடுக்கட்டும்.

பணம் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால், எடுத்த அதே கார்டுக்கு, கேட்வேயின் திருப்பும் பட்டன் வழியாக மட்டும். முகத்துக்கு நேரே பாவம் பார்த்துக் காசாகக் கொடுத்தால் அதற்கு வங்கியில் சாட்சியில்லை. பிறகு அவர் முறைப்பாடும் போட்டால் இரண்டு தடவை கொடுத்ததாக முடியும். ரூபாவில் எடுத்துக் கொஞ்சக் காலம் கழித்து ரூபாவில் திருப்பும்போது அவர் கணக்கில் யூரோ சற்றுக் கூடியோ குறைந்தோ விழும், மாற்று விகிதம் அசைந்திருப்பதால். இதை ரத்து விதிக்குள் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் பின்னால் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

மிச்சமுள்ள மூன்று இரவுப் பணத்தை வந்து இறங்கிய அன்று கார்ட் மெஷினில் சிப் போட்டு எடுங்கள். கார்டும் ஆளும் எதிரில் நிற்கும் கொடுப்பனவில் தகராறு குறைவு. கையொப்பமிட்ட விருந்தினர் பதிவேட்டுத் தாளைக் குறைந்தது ஒன்றரை வருடம் வையுங்கள். முறைப்பாடு வந்தால் பதில் சொல்ல வங்கி தரும் அவகாசம் சில நாள்தான். அந்த நாட்களில் தாள் தேடக்கூடாது. எல்லாம் சரியாக வைத்திருந்தாலும் வெல்வீர்கள் என்று எவராலும் உறுதி தர முடியாது. முடிவு கார்ட் கம்பனியின் விதியையும் வங்கியையும் பொறுத்தது.

கார்ட் ஏற்கப்படவில்லை என்று விருந்தினர் எழுதினால் கேட்வே காட்டும் குறியீட்டைப் பாருங்கள். 51 என்றால் பணம் போதாது, 54 காலாவதி. 57 என்றால் அந்தக் கார்டுக்கு அவ்வகைக் கொடுப்பனவு திறந்துவிடப்படவில்லை. உள்ளூர் டெபிட் கார்டுகளில் இது வருவதுண்டு, அவர் தன் வங்கியில் ஒன்லைன் பாவனையைத் திறக்கச் சொல்ல வேண்டும். 05 என்பது வங்கி காரணம் சொல்லாமல் மறுப்பது. மறுபடி மறுபடி அடிக்காமல் வேறு கார்ட் கேளுங்கள். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருபவர்களுக்குக் கார்டே தேவையில்லை: வங்கிக் கணக்குக்கு உடனடிப் பரிமாற்றம் அல்லது லங்கா கியூஆர் (போனில் ஸ்கேன் செய்து கட்டும் முறை), இரண்டுக்கும் செலவு கார்டைவிட மிகக் குறைவு.

உண்மைப் பணம் எடுக்கும் கேட்வே கணக்குத் திறந்ததும் 100 ரூபாவுக்கு ஒரு கொடுப்பனவைச் செய்து, அது வங்கிக் கணக்கில் எத்தனையாம் நாள், எவ்வளவாக விழுகிறது என்று பாருங்கள். இன்னொரு 100 ஐத் திருப்பியும் பாருங்கள். அதோடு நிறுத்த வேண்டும். கைமாற்றுக்காக உங்கள் சொந்தக் கடனட்டையை உங்கள் கேட்வேயிலேயே தேய்த்துக் காசெடுத்தால் கணக்கை மூடிவிடுவார்கள். வருமான வரிப் பக்கம் கணக்காளரிடம் கேட்க வேண்டியது, அதில் நான் கை வைக்கவில்லை. சீசன் மே மாதம் தொடங்குவதால் விண்ணப்பத்தை ஜனவரியிலேயே போடுங்கள். அதற்கு முன் உங்கள் பதிவுச் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள பெயரும் பலகையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். வேறு வேறு என்றால் செயலகத்தில் மாற்றுவதா, கேட்வேயில் சரிசெய்வதா என்று சொல்லலாம்.